பூட்டுக்குள் இரண்டு மில்லிமீட்டர்

போன வருடம் ஆகஸ்ட் முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. மேல்காற்று. வாசல் சுவரில் நான் மாட்டி வைத்திருக்கும் தெர்மாமீட்டரில் இருபத்தொன்பது டிகிரி. அந்த நேரத்தில்தான் என் காரின் சாவி திரும்ப மறுத்தது.

சென்ற வாரம் வெடிமருந்து கலக்கும் அறையைப் பற்றி எழுதியதற்கு ஒன்பது பேர் கடிதம் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர், வெடியே வராமல் ஒரு வாரம் எழுதக் கூடாதா என்று கேட்டிருந்தார்கள். முயன்று பார்க்கிறேன். முழுவதும் முடியும் என்று தோன்றவில்லை.

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பதினான்கு வயதான ஒரு வெள்ளைச் சின்னக் கார். பெட்ரோல் வண்டி. சாவிக்குள் சிப் எதுவும் இல்லாத பழைய மாதிரி. வெள்ளிக்கிழமை காலையில் அதை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துவேன், பாட்டரி இறங்காமல் இருக்க. பிறகு குளியல், ஐந்து இட்லி, ஒன்பது பத்து பஸ்ஸில் விருதுநகர். அங்கே என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பருடன் மூன்று ஆட்டம் சதுரங்கம். வீடு திரும்ப இரண்டு மணி ஆகும். செவ்வாயும் வெள்ளியும் இந்தச் சதுரங்கம் தவறாது.

விருதுநகருக்குக் காரில் போகலாமே என்று கேட்பார்கள். பஜாரில் நிறுத்தினால் கீறல் விழும். பதினான்கு வருடத்தில் என் வண்டியில் இருப்பது நான்கு கீறல். ஐந்தாவது வேண்டாம்.

சாவி உள்ளே போனது. திருப்பினேன். அசையவில்லை. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் பன்னிரண்டு முறை ஆட்டிக்கொண்டே திருப்பினேன். அசையவில்லை. குனிந்து பார்த்தபோது சாவியின் பிளாஸ்டிக் தலைக்கும் பூட்டின் வாய்க்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது. முன்பு அப்படி இருந்ததில்லை. ஸ்கேலை எடுத்து வந்து வைத்தேன். இரண்டு மில்லிமீட்டர்.

எனக்கு மட்டும் தெரியாதது

இங்கே வாசகரிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

அன்று காலை பதினொன்றரை மணிக்கு, சிவகாசியில், என் மனைவி சௌந்தரத்துக்கு டிரைவிங் டெஸ்ட். அதே காரில். அவள் எல்.எல்.ஆர். எடுத்து ஆறு மாதம் ஆகப் போகிறது, அடுத்த செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. அதற்குள் கிடைத்த ஒரே நேரம் இதுதான். தவறவிட்டால் எழுத்துத் தேர்வு, டாக்டர் சான்றிதழ் என்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அறுபத்து நான்கு வயதில் இன்னொரு தடவை ஆரம்பிக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

எதற்காகக் கற்றுக்கொண்டாள் என்றால், ஆலங்குளத்தில் இருக்கும் அவள் தங்கை பாக்கியத்துக்காக. பாக்கியத்தின் கணவர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. பாக்கியத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பஸ்ஸில் போனால் மாறிப் போக வேண்டும். காரில் போகலாம் என்று சௌந்தரம் சொன்னால் நான் உடனே கணக்குச் சொல்வேன். போக வர ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், இத்தனை லிட்டர், டயர் இவ்வளவு தேயும், லோடு லாரி இத்தனை எதிரே வரும். கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும். அதற்கு முந்தின வருடம் முழுவதும் நாங்கள் ஆலங்குளம் போனது இரண்டு முறை.

கார் சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று பீரோ லாக்கரில். லாக்கர் சாவியும் என் இடுப்பில்.

இத்தனைக்கும் நடுவில் அவள் ஐந்தரை மாதம் வண்டி ஓட்டிப் பழகியிருக்கிறாள். அதை நான் கண்டுபிடித்த கதைதான் இது.

திங்கட்கிழமை வரும் பூட்டு

"என்னங்க, வண்டிச் சத்தத்தையே காணோம்?" என்று கரண்டியும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"சாவி திரும்பல."

"திரும்பலன்னா?"

"திரும்பலன்னா திரும்பலதான். பூட்டுக்குள்ள என்னமோ கெடக்கு. சாவி முழுசாப் போகல."

அவள் முகத்தில் ஓடிய மாற்றத்தைச் சாம்பாருக்கு உப்பு மறந்த கவலை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் பார்க்காமலே சொன்னார். "லாக் செட்டு முழுசா மாத்தணும் சார். மதுரைல இருந்து வரணும். திங்கக்கிழமை ஆயிரும். ஆறாயிரத்து எண்ணூறு ஆகும்." பழைய பூட்டை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். "ஒடைச்சுத்தான்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

"நானே பார்க்கிறேன்" என்றேன்.

"நீங்க வெருதுநகர் போயிட்டு வாங்களேன். அவரு காத்துக்கிட்டு இருப்பாருல்ல. நான் யாரையாச்சும் வச்சுப் பாத்துக்கிடுறேன்."

"பூட்டை ஒடைக்கவா? அவன்கிட்ட சதுரங்கம் இல்லன்னு சொல்லியாச்சு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்ப சீக்கிரமாப் பாருங்க" என்றாள். நான் ஒரு காரியத்தில் இறங்கும்போது அவள் அப்படிச் சொன்னதே இல்லை. வழக்கமாக, "வேண்டாம், விடுங்க" என்பாள்.

இரும்பு என்னும் எதிரி

நான் எப்படி வேலை செய்வேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிக்கொண்டு ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் இருந்தேன். அங்கே இரும்புக்கு இடம் கிடையாது. இரும்பில் இரும்போ கல்லோ உரசினால் பொறி. அதனால் சுத்தியல் மரம், கரண்டி பித்தளை, ஜல்லடை பித்தளை. ஊசி, கொண்டைப்பின், ஆணி அடித்த செருப்பு எல்லாம் கேட்டுக்கு வெளியே.

ஒரு சமயம் முதலாளியின் புது மருமகன் ஆலையைப் பார்க்க வந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ. குதிகாலில் இரும்பு லாடம். கழற்றுங்கள் என்றேன். "நான் யார் தெரியுமா" என்றார். தெரியும், கழற்றுங்கள் என்றேன். சித்திரை வெயில். கலவை அறைக்கு நூற்று நாற்பது அடி மணல். அவர் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கிப் போனதை, பேப்பர் குழாய் சுற்றிக்கொண்டிருந்த இருபத்தாறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த வாரம் எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன். முதலாளி கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் ஏன் எல்லாவற்றையும் எண்ணுகிறேன் என்று கேட்கிறவர்களுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. ஓர் அறைக்கு நான்கு பேர். காலையில் எண்ணி உள்ளே விட வேண்டும். இடி மின்னல் வந்தால் எல்லோரையும் வெளியே எடுத்து மறுபடி எண்ண வேண்டும். உள்ளே போன எண்ணிக்கை வெளியே வர வேண்டும். என் பொறுப்பில் இருந்த வரை ஒரு நாளும் குறைந்ததில்லை. இப்போது இட்லியை எண்ணுவதும் பஸ் ஸ்டாப்பை எண்ணுவதும் அதன் மிச்சம்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பின் இரும்போடு என் சண்டை அடுக்களைக்கு மாறியது. கேஸ் அடுப்புப் பக்கம் இரும்பு இடுக்கி வைக்காதே, பித்தளை வாங்கு. சிலிண்டர் இருக்கும் மூலையில் அரிவாள்மனை கூடாது. சௌந்தரம் ஒரு முறைதான் எதிர்த்துக் கேட்டாள். "அப்ப ஊரே வெடிச்சிருக்கணுமே?" அதற்கு நான் ஒன்றே கால் மணி நேரம் பதில் சொன்னேன். பிறகு கேட்கவில்லை.

சுவர் தாண்டி வந்த உதவி

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். பொறி வர வழியே இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே மூன்று ஸ்குரூ. கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தின் மேல் '3' என்று காகிதம் ஒட்டினேன். ஒரு வாளி மணல் பக்கத்தில். கைப்பேசிகள் இரண்டும் திண்டின் மேல், பதினைந்து அடி தள்ளி.

அப்போது பக்கத்து வீட்டு பால்ராஜ் அண்ணாச்சி வந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவர். தீபாவளி சீசனில் அவர் வீட்டில் சாப்பிடுவதே அபூர்வம். ஆர்டர் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் என் கொட்டகைக்கு ஏன் வந்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"என்ன போர்மேன் சார், காலங்காத்தால வண்டிக்கு வயித்தைக் கிழிச்சுப் போட்டுருக்கீக?"

"பூட்டுக்குள்ள என்னமோ சிக்கியிருக்கு அண்ணாச்சி."

"தேங்காண்ணெய் நாலு சொட்டு விடுங்க. வளுக்கிக்கிட்டுப் போயிரும்."

"எண்ணெய் விட்டா தூசி சேந்து களியாயிரும். விடக் கூடாது."

"சரி, விடலை. பதினொண்ணுக்குள்ள முடிஞ்சிருமா?"

"ஏன், உங்களுக்கு எங்கயாச்சும் போகணுமா?"

அவர் சௌந்தரத்தைப் பார்த்தார். சௌந்தரம் கூரையைப் பார்த்தாள். "எனக்கென்ன சார், சும்மா கேட்டேன். நல்ல நேரம் பதினொண்ணோட முடியுதுன்னு" என்றார். அன்று நல்ல நேரம் பத்தேகாலோடு முடிந்தது. காலண்டரை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். திருத்திச் சொன்னேன்.

பிரஸ்ஸில் இருந்து ஒரு குப்பி ஐ.பி.ஏ. கொண்டு வந்தார். அச்சு மெஷினில் தண்ணீரோடு கலக்கிற ஆல்கஹால். அழுக்கைக் கரைத்து, உடனே காய்ந்தும் போகும். பற்றிக்கொள்ளும் சரக்கு என்பதால் கொட்டகையின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, பிறகே ஊசிக் குழலால் பூட்டுக்குள் எட்டு சொட்டு விட்டேன். வெள்ளைத் துணியை வாயில் பிடித்துச் சைக்கிள் பம்ப்பால் காற்று அடித்தேன். துணியில் கறுப்பு அழுக்கு வந்தது. கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஏதோ மின்னியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடி. மஞ்சள் உலோகப் பொடி.

என் சாவி வெள்ளை நிறம். பூட்டின் உள்ளே தேய்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"காந்தம் வச்சுப் பாப்பமா?" என்று அண்ணாச்சி ஒரு தையல் ஊசியைக் காந்தத்தில் உரசிக் கொடுத்தார். உள்ளே விட்டுத் துழாவினேன். ஏழு முறை. ஊசி நுனி எதையோ தட்டுகிறது, ஆனால் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"அப்ப அது இரும்பில்ல" என்றேன். "இரும்பா இருந்தா ஒட்டியிருக்கும்."

அண்ணாச்சி திடீரென்று பிரஸ்ஸில் வேலை கிடப்பதாகச் சொன்னார். போகும்போது சௌந்தரத்திடம், "வாரேன்க்கா, கும்புட்டுக்கோங்க" என்றார். எதைக் கும்பிட என்று நான் கேட்கவில்லை. மணி ஒன்பது ஐம்பது.

டார்ச் பிடித்த கை

மரத்தில் பூவேலை வெட்ட உதவும் மயிரிழை ரம்பத் தகடு என்னிடம் ஒன்று இருந்தது. இரும்புதான். பாட்டரியைக் கழற்றியிருந்தோம், ஆல்கஹாலும் காய்ந்துவிட்டது. துணிந்து எடுத்தேன். பற்கள் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி உள்ளே விட்டு, சிக்கியிருக்கும் துண்டில் மாட்டி இழுக்க வேண்டும்.

சௌந்தரம் என் தோளுக்கு மேல் டார்ச் பிடித்தாள். நான் ஒரு காலை வெளியே நீட்டி, கழுத்தைத் திருப்பி, டிரைவர் சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இருந்தேன். தகடு ஒன்று, இரண்டு, மூன்று முறை வழுக்கியது.

"அங்கன இல்ல. மேல் பக்கமாப் பாருங்க. நுனியில" என்றாள்.

"நுனின்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"சாவி முழுசாப் போகலைன்னு நீங்கதான சொன்னீக. அப்ப கடைசியிலதான கெடக்கணும்?"

சரியான பதில். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான்கு, ஐந்து. வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் தன் சேலைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்தாள். டார்ச் மட்டும் அசையவில்லை. ஒன்பதாவது முறை ஏதோ பிடித்தது. பத்தாவது முறை வழுக்கியது. பதினோராவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல இழுத்தேன். பூட்டின் வாயிலிருந்து ஒரு துணுக்கு நழுவி என் மடியில் விழுந்தது.

உடைந்த அரிசிக் குருணை அளவு. மஞ்சள். உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் பித்தளையோடு வாழ்ந்தவனுக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

என் சாவியின் நுனியைப் பார்த்தேன். முழுதாக இருந்தது. லாக்கரில் இருந்த சாவியை எடுத்து வந்து பார்த்தேன். அதுவும் முழுதாக இருந்தது. இரண்டு சாவி, இரண்டு நுனி. என் கையில் இருப்பது மூன்றாவது நுனி.

"சௌந்தரம்," என்றேன். "இந்த வண்டிக்கு மூணாவதா ஒரு சாவி இருக்கு."

அவள் டார்ச்சை அணைத்தாள். உள்ளே போனாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து திறந்தாள். அதற்குள் ஒரு பித்தளைச் சாவி, நுனி இல்லாமல். துணுக்கை அதன் முனையில் வைத்தேன். பொருந்தியது.

பித்தளை ஏன்

"பதினொண்ணரைக்கு எனக்கு டெஸ்ட்டு. டிரைவிங் டெஸ்ட்டு. இந்த வண்டியிலதான்" என்றாள். "திட்டணும்னா அப்புறமாத் திட்டுங்க. இப்ப பூட்டைச் சரி பண்ணுங்க."

மணி பத்து இருபத்தாறு.

நான் கேட்ட முதல் கேள்வி இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான் கேட்டேன்.

"நானூத்திப் பன்னெண்டு."

நானூற்றுப் பன்னிரண்டு. அந்த எண் எனக்குத் தெரியும். மாதம் தவறாமல் முதல் தேதி கிலோமீட்டர் குறிப்பவன் நான். ஏப்ரலில் இருந்து மீட்டர் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. பெட்ரோல் முள் மட்டும் இறங்கவில்லை. பெட்ரோல் குறையாமல் கிலோமீட்டர் கூடினால் மீட்டர்தானே பொய் சொல்கிறது? சர்வீஸ் செண்டருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மீட்டர் சரியாக உள்ளது என்று மூன்று பதில் வந்தது. நான்காவது கடிதம் மேஜையில் பாதி எழுதிக் கிடந்தது.

"ஓட்டுன அளவுக்குப் பெட்ரோல் போட்டு வச்சிருவேன்" என்றாள். "மீட்டரைத்தான் ஒண்ணும் பண்ண முடியலை."

"சீட்டு? ஒனக்குக் கால் எட்டாதே. முன்னால இழுத்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"நீங்க உக்கார்றது ஏழாவது பல்லு. நான் நாலாவது. எறங்கும்போது எண்ணிப் பின்னால தள்ளிருவேன். இம்புட்டு வருசம் உங்களோட இருந்துட்டு எண்ணத் தெரியாமப் போகுமா?"

கேட்கக் கேட்க வந்தது. என் கண் ஆபரேஷனுக்கு மதுரையில் ஓர் இரவு இருந்தபோது, இடுப்பில் இருந்த சாவிக்கொத்து அவளிடம் இருந்திருக்கிறது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சாவிக்கடை. கற்றுக் கொடுத்தது அண்ணாச்சியின் மருமகள் தேன்மொழி. செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது பத்து பஸ்ஸில் நான் ஏறியதும், ஒன்பதரைக்கு இவர்கள் ஆனைக்குட்டம் அணைப் பக்கம். தெருவில் பதினெட்டு வீடு. பதினேழு வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வண்டியை நிறுத்திச் சாவியை உருவியபோது நுனி இல்லை. கீழே எங்கோ விழுந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். "நுனிதான போச்சு, பல்லெல்லாம் இருக்குல்ல, ஓடும்னு நெனச்சேன்."

"அது கெடக்கட்டும். சாவியைப் பித்தளையில யாராச்சும் போடுவாங்களா? மெதுவான உலோகம். தேயும், ஒடையும். கடைக்காரனுக்கு அறிவு வேண்டாம்?"

"அவரு ஸ்டீல்ல போடச் சொன்னாரு. நான்தான் பித்தளைன்னேன்."

"ஏன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான நாப்பது வருசமாச் சொல்றீக. இரும்புல இரும்பு ஒரசுனா பொறி வரும், பித்தளைதான் பத்திரம்னு. இது பெட்ரோல் வண்டி. எனக்குப் பயமா இருக்காதா?"

நான் ஆல்கஹால் குப்பியைக் கையில் எடுத்தேன். எதற்கும் ஒன்றே கால் மணி நேரம் பதில் சொல்லக் கூடியவன் நான்.

இடப்பக்கச் சீட்டு

மறுபடி எட்டு சொட்டு ஆல்கஹால். காற்று. பென்சில் முனையைச் சீவித் தூளாக்கி, சாவியின் இரண்டு பக்கமும் தேய்த்து உள்ளே விட்டேன். பென்சில் கரி உலர்ந்த வழுக்கல் தரும், தூசியைப் பிடிக்காது. சாவி முழுவதும் போனது. இடைவெளி இல்லை. திருப்பினேன். முதல் தடவை முரண்டியது. நான்காவது தடவை திரும்பியது. ஸ்டீயரிங் விடுபட்டது. மூடி, மூன்று ஸ்குரூ, கிண்ணம் காலி. பாட்டரி வயர். மணி பத்து ஐம்பத்தேழு. ஸ்டார்ட் ஆனது.

கொட்டகை வாசலில் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள், சிவப்பு எழுத்தில் 'L' போட்ட காகிதத்தோடு. பின்னால் பால்ராஜ் அண்ணாச்சி.

"மாமா, நான் கூடப் போகட்டுமா?" என்றாள் தேன்மொழி.

"வேண்டாம். எனக்கும் லைசென்ஸ் இருக்கு" என்றேன். டிரைவர் சீட்டில் உட்காரப் போனேன்.

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க" என்றாள் சௌந்தரம். "நீங்க ஓட்டுனா முப்பதுல போவீக. டெஸ்ட்டு முடிஞ்சு ஆபீசரு சாப்புடப் போயிருவாரு."

அண்ணாச்சி சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பதினான்கு வருடத்தில் என் காரின் இடப்பக்கச் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. அந்தக் கண்ணாடி வழியாகத் தெரு வேறு மாதிரி இருந்தது. அவள் சீட்டை முன்னால் இழுத்தாள். டக், டக், டக். மூன்று பல். கண்ணாடியைச் சரி செய்தாள். கியர் போட்டாள். என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது.

பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. பதினாறு வரை எண்ணினேன். பதினேழாவது வருவதற்குள், பின்னால் வந்த ஒரு டெம்போ எங்களை உரசுவது போல் முந்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அசையாமல், "ஏலே, இம்புட்டு வேகமா எங்க போய்ப் பால் பீச்சப் போற?" என்றாள் அந்த டெம்போவைப் பார்த்து. நாற்பது வருடத்தில் அவள் வாயில் 'ஏலே' கேட்டது அன்றுதான்.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளுக்கு முன்னால் எட்டுப் பேர்.

ஒன்பதாவது ஆள்

என்னை மதில் ஓரம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வேப்ப மரத்தடியில் நின்றேன். முன்னால் போன எட்டுப் பேரில் ஐந்து பேர் இருபது வயதுப் பையன்கள். அதில் இரண்டு பேர் ஏற்றத்தில் வண்டியை அணைத்துவிட்டார்கள். எட்டாவது ஆள் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்தார்.

இடி வரும் நாளில் ஆட்களை எண்ணிக்கொண்டு கேட்டில் நிற்பேனே, அதே நிலைதான். உள்ளே போனது ஒன்று. வர வேண்டியது ஒன்று.

எங்கள் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன். முதல் கியர். இரண்டு. ஏற்றத்தில் நின்றது. இன்ஜின் ஒரு கணம் இருமியது. அணையப் போகிறது என்று நினைத்தேன். அணையவில்லை. இறங்கியது. பிறகு பின்னால் போகும் அந்த மெல்லிய ஊளை. நிறுத்தாமல், ஒரே இழுப்பில்.

கண்ணைத் திறந்தபோது அதிகாரி ஜன்னலில் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தில் எழுதினார். சௌந்தரம் இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தடி இருக்கும்போது சொன்னாள்.

"ஆயிருச்சு. கார்டு தபால்ல வருமாம்."

"என்ன கேட்டாரு?"

"இந்த வயசுல எதுக்கும்மான்னு கேட்டாரு. தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி அதிகம் அந்த இடத்தில்.

ஆலங்குளம்

பஜாரில் ஒரு சாவிக்கடை முன் நிறுத்தினாள். என் சாவியைக் கொடுத்து, "ஸ்டீல்ல ஒண்ணு போடுங்க" என்றாள். பித்தளைச் சாவியையும் காட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கார் சாவியைப் பித்தளைல யாரு சார் போடச் சொன்னது?" என்றார். "நான்தான்" என்றேன். அது ஒரு வகையில் உண்மை.

புதுச் சாவியை நான் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள், நான் செருகுவது போலவே.

பிறகு பெட்ரோல். பிறகு காரச் சேவு, அரைக் கிலோ. திருத்தங்கலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பவில்லை.

"வீடு அந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும்."

"கார்டு இன்னும் வரல. இன்னும் எல்.எல்.ஆர்.தான். பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆளு இருக்கணும்."

"அதுக்குத்தான நீங்க இருக்கீக?"

கிலோமீட்டர், லிட்டர், டயர் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கு இரண்டு, எனக்கு இரண்டு எடுத்தேன்.

பாக்கியம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்து நின்றதும் கையை நெற்றிக்கு வைத்து உற்றுப் பார்த்தாள். "என்ன அத்தான், நீங்க எதுக்கு அந்தப் பக்கம் உக்காந்துருக்கீக? மேலுக்கு முடியலையா?" என்றாள். பிறகு கதவு திறந்து இறங்கியது யார் என்று பார்த்தாள். முழங்கால் போனவள், பிடிமானம் இல்லாமல் எழுந்து ஐந்து எட்டு எடுத்து வைத்து நடந்து வந்துவிட்டாள். நான் எண்ணினேன், ஐந்தேதான். அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. பானட்டின் மேல் சாய்ந்துகொண்டேன். சூடாக இருந்தது.

சாயங்காலம் வீடு வந்து நோட்டை எடுத்தேன். பூட்டு ரிப்பேர் என்று தலைப்பிட்டு, ஸ்டீல் சாவி இருநூற்று ஐம்பது, சேவு நூற்று அறுபது, பெட்ரோல் ஐந்நூறு என்று எழுதினேன். சௌந்தரம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"டிரைவர் பேட்டா எழுதலையா?"

"எம்புட்டு?"

"ஊருக்குள்ள முன்னூறு வாங்குறாக."

எழுதினேன். எடுத்தும் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள்.

ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.